முதல் நாளே சொல்லுங்கள்: கால் வாய் நோயின் தடம் பிடிப்போம்

(தோட்டத்தில் மாடு வளர்ப்போருக்கான கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இனிப் போய் மாட்டுக்குப் புல்லும் அறுக்க வேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்று பேசப் போவது மாடுகளுக்கு வரும் கால் வாய் நோய் பற்றி. நம் பெரியவர்கள் இதைக் கோமாரி என்பார்கள். இதற்கு என்ன மருந்து என்று மிருக வைத்தியர் சொல்வார். இந்த நோய் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதில் நம்முடைய பங்கு என்ன என்பதைத்தான் நாங்கள் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் அடையாளம். நல்ல காய்ச்சல் வரும். மாடு தீனி எடுக்காது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடியும். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் போடும். குளம்புகளுக்கு நடுவிலும் காம்பிலும் கூட வரும். மாடு நொண்டும், பால் ஒரேயடியாகக் குறையும். பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பழைய பால் திரும்பி வருவது கஷ்டம். இளங்கன்றுக்கு வந்தால் இருதயத்தைத் தாக்கும். காலையில் துள்ளி விளையாடிய கன்று மாலையில் விழுந்து செத்துப் போகும். ஆட்டுக்கும் பன்றிக்கும் இதே நோய் வரும். ஆட்டில் அடையாளம் லேசாகத்தான் தெரியும், அதனால் பலர் கவனிப்பதில்லை.

பிள்ளைகளுக்கு வருகிற கை கால் வாய் நோய் வேறு, இது வேறு. இதை எண்ணிப் பயப்பட வேண்டாம். எப்படியும் பாலை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிருமியின் தடத்தை எப்படிப் பிடிக்கிறது? அதற்குப் புண்தான் சாட்சி. கொப்புளம் உடையாமல் இருந்தால் அது வந்து ஒன்று இரண்டு நாள். உடைந்து பச்சைப் புண்ணாக இருந்தால் இரண்டு மூன்று நாள். ஓரத்திலிருந்து ஆறத் தொடங்கியிருந்தால் நாலு நாள் முதல் ஒரு கிழமை. வடுவாகியிருந்தால் ஒரு கிழமைக்கு மேல். மிருக வைத்தியர் நாக்கைப் பிடித்துப் பார்ப்பது இந்தக் கணக்குக்காகத்தான். பட்டியில் எந்த மாட்டின் புண் பழையதோ, அதற்குத்தான் நோய் முதலில் வந்திருக்கிறது.

கிருமி உடம்பில் ஏறி அடையாளம் காட்ட 2 நாள் முதல் 14 நாள் வரை செல்லும். ஆகவே வைத்தியர் இரண்டு பக்கமும் விசாரிப்பார். ஒன்று, பின்னால் போகிற விசாரணை. முதல் புண் வந்த நாளிலிருந்து 14 நாள் பின்னுக்கு எண்ணி, அந்த நாட்களில் பட்டிக்கு யார் வந்தார்கள், எந்த மாடு வந்தது, தீனி எங்கிருந்து வந்தது என்று கேட்பார். இன்னொன்று, முன்னால் போகிற விசாரணை. இந்தப் பட்டியிலிருந்து மாடு, கன்று, பால், சாணம், ஆள் எங்கெங்கே போனது என்று கேட்பார். அடையாளம் தெரிவதற்குச் சில நாள் முன்னரே பாலிலும் எச்சிலிலும் கிருமி வெளியே வரத் தொடங்கிவிடும். ஆகவே, 'அன்றைக்கு மாடு நல்லாத்தானே இருந்திச்சு' என்று சொல்லி அந்த நாளை விட்டுவிடக் கூடாது.

கொப்புளத்தின் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்து ஆய்வுகூடத்துக்கும் அனுப்புவார்கள். நம் நாட்டில் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தக் கிருமியில் 7 வகை உண்டு. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான ஊசியைப் போட முடியும். புண் ஆறிய பிறகு சொன்னால், எடுத்து அனுப்பத் துண்டும் இல்லை, நாள் கணக்கும் இல்லை.

மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறோம். நம் தேயிலையைக் குடிக்கிற இங்கிலாந்தில் 2001 ஆம் ஆண்டு நடந்தது இது. பெப்ரவரி 19 ஆம் திகதி எசெக்ஸ் பகுதியில் ஒரு இறைச்சிக் கூடத்துக்கு வந்த பன்றிகளில் சந்தேகமான புண்ணைக் கண்டார்கள். மறுநாள் கால் வாய் நோய் என்று உறுதியானது. அந்தப் பன்றிகள் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொரு பண்ணையாகத் தேடிப் போனார்கள். கடைசியில் நாட்டின் வடக்கே, நோர்தம்பர்லாண்டில் ஒரு பன்றிப் பண்ணையில் போய் நின்றார்கள். அங்கே புண்கள் பழையவை. நோய் வந்து சில வாரமாகியும் பண்ணைக்காரர் யாருக்கும் சொல்லவில்லை. சரியாகக் காய்ச்சாத கழிவுச் சாப்பாட்டைப் பன்றிகளுக்குப் போட்டதையும் கண்டுபிடித்தார்கள். பிறகு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது.

அந்த இடைவெளியில் நடந்ததுதான் கொடுமை. பன்றிப் பண்ணையிலிருந்து பக்கத்துப் பண்ணை ஆடுகளுக்கு நோய் பரவியது. அதில் சில ஆடுகள் பெப்ரவரி 13 ஆம் திகதி ஹெக்சம் சந்தையில் விற்பனையாயின. அங்கிருந்து லோங்டவுன் சந்தைக்கும் நோய் போனது. வியாபாரிகள் ஆடுகளை லொறியில் ஏற்றி நாடு முழுக்கக் கொண்டு போய்விட்டார்கள். முதல் நோயை உறுதி செய்வதற்கு முன்னரே குறைந்தது 57 பண்ணைகளில் கிருமி இருந்தது என்று பின்னர் நடந்த விசாரணையில் தெரிய வந்தது. கால்நடைகளைக் கொண்டு போவதை பெப்ரவரி 23 ஆம் திகதிதான் நாடு முழுவதும் நிறுத்தினார்கள். செப்டெம்பர் கடைசி வரை நோய் ஓயவில்லை. 2,026 இடங்களில் நோய் உறுதியானது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று எரித்தார்கள், புதைத்தார்கள். எல்லா வசதியும் உள்ள நாட்டில், ஒருவர் வாய் திறக்காததால் வந்த வினையைப் பாருங்கள்.

நம் தோட்டத்தில் பெரிய சந்தை இல்லைதான். ஆனால் கிருமி நடக்கிறதற்கு வழி நிறைய உண்டு. மாட்டு வியாபாரி ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குப் போகிறார். சினைக்காகக் காளை ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்குப் போகிறது. பால் கேன் எல்லா வீட்டு வாசலையும் தொட்டு வருகிறது. சாணத்தை மரக்கறித் தோட்டத்துக்கு லொறியில் ஏற்றுகிறோம். நோய் கண்ட பட்டிப் பக்கம் அறுத்த புல்லை இந்தப் பக்கம் கொண்டு வருகிறோம். சுகமில்லாத மாட்டைப் பார்த்து ஆறுதல் சொல்லப் போகிறவர், அதே சப்பாத்தோடு தன் பட்டிக்குள் நுழைகிறார். நல்ல மனசோடு போகிறவர் காலிலும் நோய் வரும்.

இனி, உங்கள் மனதில் இருக்கும் கேள்விக்கு வருவோம். கூட்டம் தொடங்குவதற்கு முன்பு ஒரு அக்கா எங்களிடம் வெளிப்படையாகவே கேட்டாங்க: 'சொன்னா பாலை எடுக்க மாட்டாங்களே ஐயா, மாட்டுக் கடனை யார் கட்டுறது?' நியாயமான கேள்வி. ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்ல நாங்கள் வரவில்லை. சொன்னால் அந்த மாட்டின் பால் நிற்கும். வைத்தியர் பார்த்து முடிக்கும் வரை லயத்துப் பால் முழுவதும் கூடச் சில நாள் நிற்கலாம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லயத்தில் 10 பசு, ஒவ்வொன்றும் நாளுக்கு 6 லீட்டர் பால் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே சொன்னதால் நோய் கண்ட மாட்டோடு நின்றுவிட்டது. அந்த மாட்டின் பால் 21 நாள் நின்றால் 126 லீட்டர். மற்ற 9 மாட்டின் பால் 5 நாள் நின்றால் 270 லீட்டர். மொத்தம் 396 லீட்டர் நட்டம். மறைத்ததால் 10 மாட்டுக்கும் வந்து 21 நாள் பால் போனால் 1,260 லீட்டர் நட்டம். சாகிற கன்றும், விழுகிற சினையும் இந்தக் கணக்கில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. மறைத்த நோய் பக்கத்துக் காம்பராக்காரர் பட்டியில் தலை காட்டும். அதற்குப் பிறகு மாடு மட்டுமா போகும்? அக்கம் பக்கத்து உறவும் போகும்.

ஆகவே எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு வாக்குத் தருகிறோம். யார் முதலில் சொன்னார்கள் என்று நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். மாட்டுக் கடன் இருப்பவர்களுக்காக, தவணையைத் தள்ளிப் போடும்படி கேட்டுக் கடிதம் எழுதி நாங்களே கொண்டு போய்க் கொடுப்போம்.

'நம்மளைப் போல ஆட்களால என்ன செய்ய ஏலும்?' என்று நினைக்க வேண்டாம். ரிண்டர்பெஸ்ட் என்றொரு மாட்டுக் கொள்ளை நோய் இருந்தது. கால் வாய் நோயைவிடப் பல மடங்கு கொடியது. மந்தை மந்தையாகக் கொன்றது. 1987 இல் இந்திய அமைதிப் படைக்காகக் கொண்டு வந்த ஆடுகளோடு அது நம் நாட்டின் வடக்கு கிழக்குக்கும் வந்தது. 1994 க்குப் பிறகு இங்கே காணவில்லை. 2011 இல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியாக, உலகத்தை விட்டு ஒழித்த நோய் அதுதான். ஆபிரிக்காவில் வைத்தியர்கள் போக முடியாத இடங்களில், மாடு மேய்ப்பவர்களே பயிற்சி எடுத்து ஊசி போட்டார்கள். எந்த மந்தையில் நோய் இருக்கிறது என்று அவர்கள் சொன்ன தகவலை வைத்துத்தான் கடைசித் தடம் வரை பிடித்தார்கள். அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. தங்கள் மாட்டைத் தெரிந்தவர்கள். நமக்கும் நம் மாட்டைத் தெரியுமல்லவா?

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். பிள்ளைகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

1. எச்சில் வடிந்தாலோ, மாடு நொண்டினாலோ, பால் திடீரென்று குறைந்தாலோ அன்றைக்கே நலன்புரி அலுவலகத்துக்கோ அரச மிருக வைத்தியருக்கோ சொல்லுங்கள். காலையில் பிரட்டுக்களத்தில் சொன்னாலும் போதும். மிருக நோய்கள் பற்றிய 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டப்படி இது மாட்டுக்காரரின் கடமை.

2. அந்த மாட்டைப் பிரித்துக் கட்டுங்கள். பட்டியிலிருந்து எந்த மாட்டையும் விற்கவோ, காளைக்குக் கொண்டு போகவோ வேண்டாம். சாணமும் வெளியே போக வேண்டாம்.

3. நல்ல மாட்டை முதலில் கறந்து, நோய் மாட்டைக் கடைசியில் கறவுங்கள். முடிந்தால் நோய் மாட்டை வேறொருவர் பார்க்கட்டும். அதன் பாலைக் கன்றுக்குக் கொடுக்க வேண்டாம்.

4. 10 லீட்டர் தண்ணீருக்கு 400 கிராம் வாஷிங் சோடா கரைத்து, சப்பாத்தையும் வாளியையும் கழுவுங்கள். பட்டி வாசலில் சாக்கை நனைத்துப் போட்டு அதில் மிதித்துப் போங்கள். இந்தத் தண்ணீரை மாட்டின் புண்ணில் ஊற்றக் கூடாது.

5. வாய்ப் புண் உள்ள மாட்டுக்குக் கஞ்சியும் இளம் புல்லும் கொடுங்கள். புண்ணுக்கு மருந்து வைத்தியர் சொன்னபடி மட்டும் போடுங்கள்.

6. புது மாடு வாங்கினால் சுகாதார அத்தாட்சிப் பத்திரம் கேளுங்கள். 14 நாள் தனியாகக் கட்டுங்கள். நோய் வந்து சுகமான மாட்டின் தொண்டையில் பல மாதம் கிருமி இருக்கக் கூடும். எங்கிருந்து வந்த மாடு என்று கட்டாயம் விசாரியுங்கள்.

7. ஊசி போட வருகிற நாளில் மாட்டை ஒளிக்க வேண்டாம். சினை மாடாக இருந்தால் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

8. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்தால் அது தோல் கழலை நோயாக இருக்கலாம். நம் நாட்டில் 2020 இல்தான் அதை முதன்முதலாகக் கண்டார்கள். அதையும் உடனே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மாடு உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இன்று ஒரு கொப்பி தருகிறோம். மாடு வந்த திகதி, போன திகதி, ஊசி போட்ட திகதி, காளை வந்த திகதி, வியாபாரி வந்த திகதி, அவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இரண்டு நிமிடத்தில் எழுதிவிடும். நோய் வருகிற அன்று பதற்றத்தில் நமக்கு நேற்று நடந்ததே நினைவுக்கு வராது. 14 நாளைக்கு முன்பு வந்தவரை அந்தக் கொப்பிதான் காட்டிக் கொடுக்கும்.

போகும்போது கொப்பியை வாங்கிக்கொண்டு, மாட்டின் பெயரையும் வயதையும் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள். எழுத முடியாத பெரியவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.