திரையில் கண்ட முகம்

பிள்ளைகள் கொரியத் தொடர்களில் மூழ்கிக் கிடப்பதாக வருந்தும் பெற்றோர் மணிப்பூரின் செய்தியை அறிதல் நன்று. 2000-ஆம் ஆண்டு அங்குள்ள ஆயுதக் குழுவொன்று இந்தித் திரைப்படங்களுக்குத் தடை விதித்தது. அவ்வெற்றிடத்தை, அரிராங் தொலைக்காட்சியும் சந்தையில் மலிவாகக் கிடைத்த குறுந்தகடுகளும் கொண்டுவந்த கொரிய நாடகங்கள் நிரப்பின. இம்பால் சிறுவர் அந்நாயகரைப் போல் முடி திருத்திக்கொண்டனர். கொரிய மொழியில் முகமன் கூறினர். போலி வேடம் என்று இகழ்தல் எளிது. ஆயின் அவர்தம் அண்ணன்மார் தில்லிக்குப் படிக்கச் சென்றால், 'எந்த நாட்டவன்?' என்று வினவப்படுவதுண்டு. இந்தித் திரையிலும் அவர் முகச்சாயலுடைய நாயகன் அரிது. கொரிய நாடகத்திலோ அச்சாயலுடையவனே காதலிக்கப்பட்டான்; மதிக்கப்பட்டான்; மூத்தோர் முன் தலைவணங்கவும் செய்தான். கண்ணாடி முன் நின்று நெற்றியில் முடியைச் சரித்த சிறுவன் அயலானாக மாற முயன்றான் என்பதினும், தன் முகமும் நாயகனுக்குரியதே என்று முதன்முறை நம்பினான் எனல் பொருந்தும்.