தொட்டியில் பவளம் சுருங்கினால்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். மெயின்டெனன்ஸ் கணக்கு வாசிக்கும் முன் முடித்துவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் நம் குடியிருப்பில் கடல்நீர்த் தொட்டி என் வீட்டில் மட்டும்தான். இப்போது நாலு வீட்டில் இருக்கிறது. புதிதாக வைத்தவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அங்கிள், சாஃப்ட் கோரல் விரியவே மாட்டேங்குது, என்ன ஊத்தணும்?" ஒன்றும் ஊற்ற வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள் என்பேன்.

அது செடி இல்லை, பிராணி. அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் சாப்பாடு தயாரிக்கும், பவளம் அதில் பங்கு எடுத்துக்கொள்ளும். சூடோ உப்போ வெளிச்சமோ சட்டென்று மாறினால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுக்கும். ஆனால் சுருங்குவதெல்லாம் நோய் இல்லை. லெதர் கோரல் அவ்வப்போது மெழுகு மாதிரி ஒரு தோலை உரிக்கும். அதற்காகச் சில நாள், சமயத்தில் ஒரு வாரம்கூட மூடிக்கொள்ளும். அப்போது நீரோட்டம் கொஞ்சம் நன்றாக இருந்தால் போதும்.

மூன்றாம் மாடித் தம்பியின் விஷயம் வேறு. அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். 200 லிட்டர் தொட்டி, வைத்து மூன்று மாதம். லெதர் கோரல் வாடிய காளான் போலக் கவிழ்ந்துவிட்டது. அவர் ஒரே வாரத்தில் விளக்கைக் கூட்டினார், பவளத்தை இடம் மாற்றினார், கடையில் கொடுத்த இரண்டு பாட்டில் மருந்தும் ஊற்றினார். எது உதவியது, எது கெடுத்தது என்று இனி யார் சொல்வது? பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று மூன்று லெட்ஜரையும் ஒரே நேரத்தில் அடித்துத் திருத்துகிற கிளார்க்கை எந்த மேனேஜரும் விட்டுவைக்க மாட்டார்.

உப்பை அளந்தோம். லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 38.5. தினமும் இரண்டு லிட்டர் ஆவியாகிறது. அந்தக் குறைவை அவர் உப்புக் கலந்த தண்ணீராலேயே நிரப்பியிருக்கிறார். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். கணக்குப் போடுங்கள்: தினம் 70 கிராம் வரவு, செலவே கிடையாது. பத்து நாளில் 700 கிராம். தொட்டியில் முதலில் இருந்த உப்பே ஏழு கிலோதான். ஆவியானதற்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

அதற்காக ஒரே நாளில் இறக்கிவிடக் கூடாது. தினம் ஐந்து லிட்டர் எடுத்துவிட்டு ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் விட்டோம். நாளுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இறங்கி, நாலாம் நாள் 35க்கு வந்தது. வேறு எதையும் தொடவில்லை. இரண்டு வாரத்தில் லெதர் நிமிர்ந்து விரல்களை விரித்தது. பக்கத்தில் இருந்த ஸீனியா பிழைக்கவில்லை.

நல்ல தண்ணீர் என்றால் போர் தண்ணீர் இல்லை, ஆர்.ஓ. தண்ணீர். நம் ஊரில் அது என்றைக்குமே சுலபமாகக் கிடைத்ததில்லை. முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்த கதையைச் சொல்லத்தானே பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது! கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, குடத்தில் மொண்டு வரலாமே என்பார்கள். கரையோரத் தண்ணீரில் நகரத்து வாய்க்காலும் சேர்கிறது. மழைக்காலத்தில் வங்கக் கடலின் உப்பே குறைந்துவிடும். பாக்கெட் உப்பு வாங்கிக் கலப்பதுதான் நிம்மதி.

அடுத்தது சூடு. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே, 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அங்கே கோடையில் கடல் 30 டிகிரியைத் தாண்டும்போது பவளங்கள் வெளுக்கின்றன. 2010இலும் 2016இலும் பெரிய அளவில் நடந்தது. தண்ணீர் குளிர்ந்த பிறகு வெளுத்ததில் ஒரு பங்கு மீண்டும் நிறம் பிடித்தது, மீதி செத்தது. ஆகவே வெளுத்த பவளத்தை அன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2002 முதல் அந்தக் கடலில் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிறார்கள். அவர்களால் கடலுக்கு ஃபேன் போட முடியாது, நம்மால் தொட்டிக்குப் போட முடியும். தண்ணீர்மேல் படுகிற மாதிரி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில நாள் அவ்வளவும் இறங்காது. அக்னி நட்சத்திரத்தில் பகல் முழுக்க வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் சில்லர் வாங்குங்கள், அல்லது பவளமே வாங்காதீர்கள். இன்வெர்ட்டரில் முதலில் அலை மோட்டாரை இணையுங்கள், டிவி அப்புறம்.

தொட்டி வைத்த முதல் நாலு முதல் ஆறு வாரம் பவளம் கூடாது. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருக அவ்வளவு நாள் ஆகும். மறுபக்கம், தண்ணீரைக் கண்ணாடியாகத் துடைத்து நைட்ரேட்டை பூஜ்யமாக்கினாலும் சாஃப்ட் கோரல் பட்டினி கிடக்கும். 5 முதல் 10 பிபிஎம் இருக்கட்டும். மீனுக்கான தாமிர மருந்து மட்டும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

குழந்தைகள் இருக்கிற வீடு கவனிக்க வேண்டும். பொத்தான் போல இருக்கும் ஸோவான்திட் வகைகள் சிலவற்றில் கடுமையான விஷம் உண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே போடாதீர்கள், அந்த ஆவியை மூச்சில் இழுத்தாலே ஆஸ்பத்திரிதான்.

வாங்கும்போது சட்டத்தையும் பாருங்கள். கல் பவளங்கள் எல்லாம், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி, ஆர்கன் பைப் கோரல் இவையெல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான அட்டவணையில் இருக்கின்றன. கடைசி இரண்டும் சாஃப்ட் கோரல் சொந்தக்காரர்கள்தான், அதனால் பெயர் கேட்காமல் வாங்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குகிற கடையில் எதையும் வாங்க வேண்டாம்.

உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்னிடம் இருக்கிறது, அதைச் சரிபார்க்கும் திரவமும் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரோடு வாருங்கள். மீட்டரை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன்.