காலடிகளை எண்ணும் செயலியும் தொழிலாளர் மனநலமும்



ரொறன்ரோவைத் தளமாகக் கொண்ட கரட் ரிவார்ட்ஸ் என்னும் செயலி 2016 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அறிமுகமாகி, 2017 இல் ஒன்ராறியோவுக்கும் வந்தது. கைத்தொலைபேசி நாளாந்தக் காலடிகளை எண்ணியது. இலக்கை எட்டியோருக்குத் திரைப்படச் சீட்டுக்கும் எரிபொருளுக்கும் உதவும் புள்ளிகள் கிடைத்தன. அரச நிதியில் தங்கியிருந்த அச்செயலி, நிதி இன்றி 2019 யூனில் நின்றுபோனது. பின்னர் அதனை வாங்கிய ஒப்டிமிட்டி, வேலைத்தலங்களுக்கான நலத்திட்டங்களை நடத்திய ரொறன்ரோ நிறுவனமாகும்.

புள்ளிகள் நின்றாலும் நடையின் பயன் நிற்பதில்லை. ஒழுங்கான உடலசைவு மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணிக்க உதவுகிறது. வளர்ந்தோருக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலசைவையேனும் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. ஆயினும், தொழிற்சாலையில் இரவெல்லாம் உழைக்கும் தாயின் காலடிகளை எண்ணும் செயலி, அவரது மனப்பாரத்தை எண்ணாது. ஓய்வற்ற உழைப்பு, விரும்பி நடக்கும் நடைக்கு ஈடாகாது.

வேலைத்தலம் இத்தகைய செயலியை வழங்கினால், அதன் தரவுகளை யார் பார்ப்பர் என்று முதலில் கேளுங்கள். 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்கள் மின்னணுக் கண்காணிப்புப் பற்றிய எழுத்துமூலக் கொள்கையை வைத்திருக்க வேண்டுமென ஒன்ராறியோச் சட்டம் 2022 முதல் விதிக்கிறது. அச்சட்டம் கண்காணிப்பை அறிவிக்கச் சொல்கிறதேயன்றித் தடைசெய்யவில்லை.

இளையோரே, அக்கொள்கையை வாசித்துப் பெற்றோருக்குத் தமிழில் விளக்குங்கள். வார விடுமுறையில் அவர்களோடு சேர்ந்து நடந்து, அவர்கள் சொல்வதைச் செவிமடுங்கள். எந்தச் செயலியும் செய்ய இயலாத பணி அதுவே.