லயமும் எழுத்துக் கணக்கும்

அகத்தியர் மலையடிவாரத்துப் போனக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கின்றது. தொழிலாளர் லயங்களின் புறச்சுவர்களை மழை அரிக்கின்றது. பழுதுபார்க்கும் மதிப்பீட்டிற்குச் சுற்றளவு வேண்டும்.

ஓர் அறையின் முகப்பை 'அ' அடி, ஆழத்தை 'ஆ' அடி என்போம். மொழிபெயர்ப்பே தொழிலாகிய எனக்கு, ஓர் எழுத்து எந்த லயத்தின் அளவையும் தாங்குவது இனிக்கின்றது. அறையின் சுற்றளவு 2அ + 2ஆ. ஒற்றை வரிசையில் 'ந' அறைகள் இருப்பின், இதனை ந-ஆல் பெருக்கலாகாது. இடைச்சுவர்கள் மழை காணாதவை அல்லவா? எனவே, லயத்தின் சுற்றளவு 2நஅ + 2ஆ. பெருக்கினால் 2ஆ(ந − 1) மிகையாகும்.

உதாரணமாக, முகப்பு 10, ஆழம் 12, அறைகள் 10 எனில், சுற்றளவு 224 அடி. பிழைக்கணக்கோ 440 காட்டும். அம்மனு திரும்பிவரும், அதற்குள் அடுத்த மழையும் வந்துவிடும். ஓர் அறையை அளந்து, கதவுகளை எண்ணினாற் போதும்.