மல்லிகை: இலை செழித்தால் போதுமா?



"கொல்லையில் நிற்கும் மல்லிகை பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூ மட்டும் ஒரு கைப்பிடிக்கு மேல் இல்லை" என்று பலர் குறைப்படுவதுண்டு. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: ஒன்று நிழல், மற்றொன்று கவாத்து செய்யாமை.

மல்லிகை ஆண்டு முழுவதும் பசுமை மாறாத புதர்ச்செடி. ஆனால் குண்டுமல்லியில் மொட்டுகள் புதுக்கிளைகளின் நுனியில்தான் தோன்றும். முற்றிய கிளைகளை அப்படியே விட்டுவிட்டால் இலை அடரும், பூ குறையும். பச்சைக் கிளையை வெட்டுவதா என்று தயங்கினால் இழப்பு நமக்குத்தான்.

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்ய வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். கிளைகளைச் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கூரிய கத்தரியால் வெட்டுங்கள். காய்ந்த, நோயுற்ற கிளைகளை அடியோடு நீக்குங்கள். பிறகு மண்ணைக் கொத்தி, செடிக்கு 10 கிலோ தொழு உரத்துடன் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் இட்டு நீர் பாய்ச்சுங்கள். இதே அளவு இரசாயன உரத்தை ஜூன், ஜூலையில் மறுமுறை இட வேண்டும். கவாத்து செய்த செடி மார்ச்சில் பூக்கத் தொடங்கி செப்டம்பர் வரை பலன் தரும்.

புதிதாக நடுவோர் நாள் முழுதும் வெயில்படும், தண்ணீர் தேங்காத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு அடி ஆழ, அகலக் குழி எடுத்து, செடிக்குச் செடி நான்கடி இடைவெளியில் வேர்விட்ட பதியன்களை நடலாம். ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்ற பருவம்.

இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாக வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளியுங்கள். துளை விழுந்த மொட்டுகளில் மொட்டுப்புழு இருக்கும். அவற்றைச் செடியிலோ தரையிலோ விடாமல் சேகரித்து அழித்துவிடுங்கள்.

குண்டுமல்லி ஓயும் பருவத்தில் பூ வரத்து குறைந்து விலை ஏறும். அப்போதும் பூப் பறிக்க விரும்புவோர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லிகையைச் சில செடிகள் சேர்த்து நடலாம். இது ஆண்டு முழுவதும் பூக்கும் இரகம். முல்லையும் பிச்சியும் வைத்திருப்போர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: பிச்சிக்கு டிசம்பரிலும் முல்லைக்கு ஜனவரிக் கடைசியிலும் கவாத்து செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டக்கூடாது.

நன்கு பருத்த, விரியாத மொட்டுகளைப் பொழுது விடியும் முன்னரே பறித்துவிடுங்கள். வெயில் ஏறினால் எடையும் மணமும் குறையும்.

வரும் நவம்பரில் தயங்காமல் கத்தரியை எடுங்கள். பத்துச் செடியானாலும் முறையாகப் பேணினால், வீட்டுத் தேவை போகத் தாய்மார்கள் கையில் நாலு காசு நிற்கும்.