திண்ணையில் மைதானப் பிரசங்கம் வேண்டாம்

(கிளைச் செயலாளர்கள் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

மைதானத்தில் பேசுவது நமக்குப் பழகிய காரியம். மேடை உண்டு, ஒலிபெருக்கி உண்டு, கைதட்டலும் உண்டு. ஆனால் வேலைநிறுத்தத்தில் இறங்குவதா வேண்டாமா என்பதை ஜனங்கள் மைதானத்தில் முடிவு செய்வதில்லை. ஷிப்டு விட்டு வந்தபின் ஒரு திண்ணையிலோ, நடவு முடிந்தபின் ஒரு குடிசை வாசலிலோ, பத்துப் பேர் கூடி முடிவு செய்கிறார்கள். அங்கே போய் மைதானப் பிரசங்கத்தையே கொட்டினால் என்ன நடக்கும்? எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் சங்கு ஊதியதும் உள்ளே போய்விடுவார்கள். அவர்கள் மனத்திலிருந்த பயம் அப்படியே இருக்கும். ஏனெனில் அதை நாம் கேட்கவேயில்லை!

மாமேதை மார்க்ஸ் 1850-51-ல் லண்டனில் பொருளாதார வகுப்பு நடத்தினார். முதலில் நண்பர்களின் சிறு வட்டத்தில். பிறகு தொழிலாளர் கல்விச் சங்கத்தில். உடனிருந்த லீப்னெக்ட் அதை எழுதி வைத்திருக்கிறார். மார்க்ஸ் ஒரு கருத்தைச் சுருக்கமாகச் சொல்வார், பின்பு விளக்குவார். தொழிலாளிக்கு விளங்காத சொல்லைத் தவிர்ப்பார். கேள்வி கேளுங்கள் என்பார். யாரும் கேட்காவிட்டால், புரிந்ததா என்று அவரே கேள்வி போட்டுப் பார்ப்பார்.

நாமும் 'உபரி மதிப்பு' என்று ஆரம்பிக்க வேண்டாம். "எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள்?" என்று கேட்போம். தினம் ஒரு மணி நேரம் கூலியில்லாமல் உழைத்தால், 26 நாளில் 26 மணி. எட்டு மணி வேலைநாள் கணக்கில் மூன்றே கால் நாள்! இதை நாம் சொல்லக்கூடாது. அவர்களே விரல்விட்டு எண்ண வேண்டும். தானே போட்ட கணக்கை எந்த மேஸ்திரியும் வந்து அழிக்க முடியாது. உபரி மதிப்பைப் புரிந்துகொள்ள அதுவே வாசல்.

ஓரமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "நீங்க சொல்லுங்கம்மா" என்று கேட்டுக் காத்திருப்போம். கடன் யாரிடம், குடியிருக்கும் மனை யாருடையது என்பது அப்போது வெளிவரும். பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பதில் தெரியாத கேள்வி வந்தால், விசாரித்து வருகிறோம் என்று சொல்லி, சொன்ன நாளில் போய் நிற்போம்.

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தோழர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்து சேரிகளில் தங்கினார். பண்ணையாட்களோடு கஞ்சி குடித்துப் பேசினார். சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்த 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதற்கு அஸ்திவாரம் குடிசைகளில் போடப்பட்டது.

ஆகவே தோழர்களே! அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, நாம் பேசியதை எழுதி வர வேண்டாம். அவர்கள் கேட்டதை எழுதி வாருங்கள்!