வைத்திய விதிக்கும் சாட்சி வேண்டும்

(அன்னவாசல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல் மூட்டையின் வாயில் தெரிவதை மட்டும் பார்த்து வியாபாரி விலை சொல்வதில்லை. குத்தூசியைச் செலுத்தி உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்கிறான். "இந்த நோய்க்கு இதுதான் சிகிச்சை" என்று டாக்டர்களுக்கு விதி வகுக்கும்போதும் அப்படித்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

காசநோய்க்கு ஒரு காலத்தில் விதி என்ன? சானடோரியத்தில் படுக்கை, பூரண ஓய்வு, நல்ல சாப்பாடு. சொன்னவர்கள் பெரிய நிபுணர்கள். ஆனால் மில் தொழிலாளி ஒரு வருஷம் படுத்துவிட்டால் வீட்டில் உலை கொதிப்பது எப்படி? நாட்டில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளில் சிறு பகுதிக்குக்கூடப் போதவில்லை.

1956-ல் சென்னையில் இதைப் பரீட்சித்துப் பார்க்க ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நகரத்தின் ஏழை மக்களில் 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யாருக்கு வீடு, யாருக்கு சானடோரியம் என்பதை டாக்டர் இஷ்டத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்தார்கள். ஏன்? நோய் முற்றியவர்கள் ஒரு தட்டிலும் லேசானவர்கள் மறு தட்டிலும் ஏறினால் தராசு பொய் சொல்லும். இரு சாராருக்கும் ஒரே மருந்து, 12 மாதம்.

1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியது. "ஆறு குறைகிறதே!" என்பீர்கள். இத்தனை சிறு கூட்டத்தில் அவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரும். ஆகவே ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். இரு சாராரும் ஏறக்குறைய சமமாக நின்றார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் தொற்றும் அதிகமாகவில்லை. நிபுணர் வாக்கு தோற்றது. உலகமே விதியை மாற்றிக்கொண்டது.

உலக சுகாதார ஸ்தாபனம் இத்தகைய விதிகளைச் சரிபார்க்க 2007-ல் ஒரு குழு அமைத்தது. சாட்சியை உயர்ந்தது, நடுத்தரம், தாழ்ந்தது, மிகத் தாழ்ந்தது என்று நான்காகத் தரம் பிரிக்கிறார்கள். பரீட்சிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரா, பாதியில் பலர் விலகினார்களா, பாதகமான முடிவுகளை மறைத்தார்களா என்று பார்த்துத் தரத்தைக் குறைக்கிறார்கள்.

நாமும் கேட்போம்: எதோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேர்? நம்மைப் போன்றவர்கள் அதில் இருந்தார்களா? செலவுக்குப் பணம் கொடுத்தது யார்? கேட்பதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொண்டு, முழுக்காலமும் சாப்பிட வேண்டும்.

இன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசநோய் மருந்தை இலவசமாக வாங்கிக்கொண்டு நாம் வீடு திரும்புகிறோம். அந்த வழியைத் திறந்ததில் சென்னையின் அந்த 193 ஏழைகளுக்கும் பங்குண்டு.